பூஜ்யத்தை எதற்கு எழுத வேண்டும்?

“அம்மா, உன் பாடத்துல தப்பா ஒரு ஃபார்முலாவ சுவத்துல எழுதி வெச்சிருக்காவ. வா, காட்டுதேன்.”

மகள் இப்படிச் சொன்ன பிறகு, முப்பது வருடம் வேதியியல் நடத்திய டீச்சருக்கு வீட்டில் உட்கார மனம் வருமா? அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் அவளுக்கு வேலை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், மே விடுமுறைக்கு அவளிடம் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை எடுத்தாள். ஒன்றரை மணி நேரப் பயணம். வழியெல்லாம் பச்சைப் புல்வெளி, மரப்பலகை வேலி, வேலிக்குள் மேயும் குதிரைகள். டான்வில் என்ற சின்ன ஊரில் சென்டர் கல்லூரிப் பக்கம் வண்டியை நிறுத்தி, ஒரு செங்கல் சுவரைக் காட்டினாள்.

வெள்ளைப் பெயின்டில் ‘சி6 ஹெச்0’ என்று அவர்கள் எழுத்தில் எழுதியிருந்தது.

சி6ஹெச்6 என்றால் பென்சீன். பிளஸ் டூ பிள்ளைகள் தூக்கத்திலும் அறுகோணம் போட்டுக் காட்டுவார்கள். ஆனால் ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் பூஜ்யம் போட்டு வேதியியல் படித்த யாரும் எழுதமாட்டார்கள். அப்படி ஒரு வாய்பாடு கிடையாது. அந்த ஊர்க்காரர்களுக்கும் அது தெரியும். தெரிந்துதான் அதற்கு ‘நடக்கவே முடியாத வாய்பாடு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சி என்றால் சென்டர். ஹெச் என்றால் ஹார்வர்டு. 1921 அக்டோபர் 29 அன்று நடந்த கால்பந்து ஆட்டத்தின் முடிவு அது. சென்டர் 6, ஹார்வர்டு 0.

படம் எடுத்து வந்து, ஜூனில் பள்ளி திறந்ததும் வகுப்பில் காட்டினேன். எங்கள் பள்ளி குமரி மாவட்டக் கடற்கரையில் இருக்கிறது. பந்து உதைக்காத பையன் அங்கே இல்லை. கடைசி பெஞ்சில் இருந்து ஒருவன் எழுந்தான். பள்ளி அணியின் கோலி அவன்.

“டீச்சர், ஹைட்ரஜன் சைபர்னா பின்ன அத எதுக்கு எழுதணும்? சி ஆறுன்னு மட்டும் எழுதுனா போதாதா?”

நல்ல கேள்வி. பதில் சொல்ல எனக்கு முழு பீரியடும் தேவைப்பட்டது. அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சின்ன ஊர், சின்னக் கல்லூரி

சென்டர் கல்லூரி 1819இல் தொடங்கப்பட்டது. பிரெஸ்பிட்டீரியன் சபையோடு சேர்ந்து வளர்ந்த கல்லூரி. 1921இல் அங்கே படித்த மாணவர்கள் 300 பேருக்கும் குறைவு. எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டையும் சேர்த்தால் அதைவிட அதிகம் வரும்.

நடக்காது என்று சொன்னதை நடத்திக் காட்டுவது அந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1809இல், மயக்க மருந்து என்ற ஒன்றே இல்லாத காலத்தில், எஃப்ரேம் மெக்டவல் என்ற மருத்துவர் டான்வில்லில் தன் வீட்டில் வைத்து ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண்ணின் வயிற்றைத் திறந்து, ஏறக்குறைய பத்து கிலோ எடையுள்ள சூலகக் கட்டியை எடுத்தார். வயிற்றைத் திறந்தால் மரணம்தான் என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் அது. அந்தப் பெண் பிழைத்து, அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். அந்த வீடு இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. மகள் என்னை அங்கேயும் கூட்டிப் போனாள்.

கையில் பிடித்து ஓடும் கால்பந்து

அமெரிக்கர் ஃபுட்பால் என்று சொல்வது நம் பிள்ளைகள் உதைக்கும் பந்து அல்ல. இரு முனையும் கூம்பிய தோல் பந்து. அதைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். பக்கத்துக்குப் பதினொரு பேர். கோட்டுக்குக் கோடு மைதானம் 100 கஜம். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நான்கு முயற்சி கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் அது டச்டவுன், 6 புள்ளி. அதற்குப் பிறகு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கூடுதலாக ஒரு புள்ளி.

சடுகுடு பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். பாடிப் போகிறவர் எல்லாரிடமும் தப்பித்துக் கோட்டைத் தொடுவது போல, இங்கே பந்து வைத்திருப்பவர் தப்பித்துக் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒரு வித்தியாசம்: பாடிப் போகிறவர் தனியாள். இங்கே பத்துப் பேர் அவருக்கு முன்னால் ஓடி, பிடிக்க வருகிறவர்களை உடம்பால் தடுத்து வழி திறந்துவிடுவார்கள்.

ஆட்டம் மொத்தம் அறுபது நிமிடம், நான்கு கால்பகுதி. இன்றைக்குத் தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு இன்னொரு கூட்டம் என்று இறங்குகிறார்கள். அன்று அப்படி இல்லை. பெரும்பாலும் அதே பதினொரு பேர்தான் தாக்கவும் தடுக்கவும் வேண்டும். தலைக்கு மெல்லிய தோல் தொப்பி. அதுவும் கட்டாயம் இல்லை.

1905 வரை இந்த ஆட்டம் பிள்ளைகளின் உயிரைக் குடித்துக்கொண்டிருந்தது. மைதானத்தில் மாணவர்கள் செத்தார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேசினார். நெரிசலைக் குறைக்க மைதானத்தை அகலப்படுத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் ஹார்வர்டு 1903இலேயே கான்கிரீட் அரங்கம் கட்டி முடித்திருந்தது, அதை அகலப்படுத்த முடியாது. அந்த யோசனை கைவிடப்பட இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். வேறு வழி தேடினார்கள். பந்தை முன்பக்கமாக எறியலாம் என்ற விதி 1906இல் வந்தது. எடையும் கூட்டமும் ஆண்ட ஆட்டத்தில், வேகமும் புத்தியும் உள்ள சின்ன அணிக்கும் ஒரு கதவு திறந்தது. அந்தக் கதவு வழியாக வந்த பிள்ளைகள், பின்னாளில் அதே கான்கிரீட் அரங்கத்துக்குள் போய் நின்றார்கள்.

தன் நாற்காலியை விட்டுக்கொடுத்தவர்

1916இல் பக்கத்து ஊரான லெக்சிங்டனின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்திடம் சென்டர் 68-0 என்று தோற்றது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சென்டரில் படித்த ராபர்ட் மையர்ஸ் அப்போது டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில், நார்த் சைடு உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளராக இருந்தார். எல்லாரும் அவரை ‘சீஃப்’ என்று கூப்பிட்டார்கள். அவரிடம் ஒரு கூட்டம் பையன்கள் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆல்வின் மெக்மில்லின். ‘போ’ என்பது செல்லப் பெயர். இன்னொருவர் ரெட் வீவர். தான் படித்த கல்லூரிக்கு இந்தப் பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்று மையர்ஸுக்கு ஆசை. ஆனால் மெக்மில்லினுக்கும் வீவருக்கும் கல்லூரியில் சேரப் போதுமான மதிப்பெண் கணக்கு இல்லை. அதனால் இருவரும் முதலில் கென்டக்கியின் சோமர்செட் என்ற ஊர்ப் பள்ளியில் ஒரு வருடம் படித்தார்கள். அந்த சோமர்செட்டில் இருந்துதான் பிறகு ரெட் ராபர்ட்ஸ் என்ற பெரிய உருவமும் சென்டருக்கு வந்து சேர்ந்தது.

1917இல் மையர்ஸையே சென்டர் பயிற்சியாளராக அழைத்தது. தான் வளர்த்த பிள்ளைகள், தான் படித்த கல்லூரி, தன் பெயரில் பதவி. ஒரு வாத்தியாருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் பருவம் தொடங்கிய உடனேயே மையர்ஸுக்கு ஓர் உண்மை தெரிந்துவிட்டது. இந்தப் பிள்ளைகளின் திறமை, தான் கற்றுக்கொடுக்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது.

சார்லி மோரன் என்பவரின் மகன் அப்போது சென்டரில் ஆடிக்கொண்டிருந்தார். மோரன் கென்டக்கிக்காரர். 1909 முதல் 1914 வரை டெக்சஸ் ஏ அண்டு எம் கல்லூரிக்குப் பயிற்சி கொடுத்தவர். பேஸ்பால் நடுவர் வேலையும் பார்ப்பவர். மையர்ஸ் அவரை வரவழைத்துப் பயிற்சியாளர் பொறுப்பை ஒப்படைத்தார். தான் விளையாட்டுத் துறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஒதுங்கினார். ஆட்ட அட்டவணை, பயணம், பிள்ளைகளின் நலம், அவர்களுக்கு நம்பிக்கை ஊட்டுவது என்று பின்னால் இருந்து செய்ய வேண்டிய வேலைகள் அவருடையவை ஆயின.

இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த இடம்தான். நான் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் ஒரு பி.இ.டி. சார் இருந்தார். அவர் கைப்பந்து ஆட்டக்காரர். பிள்ளைகளோ கால்பந்துப் பைத்தியம். மூன்று வருடம் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். நான்காவது வருடம் ஒருநாள் சாயங்காலம், கடலுக்குப் போய்விட்டு வந்து வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரை மைதானத்துக்குக் கூட்டி வந்தார். இளவயதில் மாவட்ட அணிக்கு ஆடியவர். பையன்கள் முன்னாலேயே அவரிடம், “நான் சொல்லிக் குடுக்கதுக்கு இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. இனி இவனுவளுக்கு நீருதான் வாத்தியாரு” என்றார். அதன் பிறகு பி.இ.டி. சார் தண்ணீர்க் குடம் தூக்கினார், பஸ் காசு தேற்றினார், தலைமையாசிரியரிடம் அனுமதிக் கடிதம் வாங்கினார். அந்த வருடம்தான் எங்கள் பள்ளி முதல் முறையாக மாவட்டப் போட்டி வரை போனது. பரிசளிப்பு விழாப் படத்தில் அவர் இல்லை. படம் எடுத்த நேரத்தில் பையன்களின் செருப்புகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

மையர்ஸைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தச் செருப்புக் குவியல்தான் நினைவுக்கு வந்தது.

ஜெபிக்கும் கர்னல்கள்

1916இல் 68-0 என்று தோற்ற அதே கென்டக்கிப் பல்கலைக்கழகத்தை 1917இல் சென்டர் 3-0 என்று வென்றது. டச்டவுன் இல்லாமல், மெக்மில்லின் உதைத்த ஒரே உதைக்குக் கிடைத்த 3 புள்ளி அது. 1919இல் அதே எதிரியை 56-0 என்று வென்றார்கள். மூன்று வருடத்தில் கணக்கு தலைகீழாகிவிட்டது.

1919 பருவத்தில் சென்டர் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அந்த வருடம் பிரின்ஸ்டனைத் தோற்கடித்த வெஸ்ட் வர்ஜீனியாவை 14-6 என்று வென்றதும் கிழக்குக் கரைப் பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன. ஆட்டத்துக்கு முன் வீரர்கள் சேர்ந்து ஜெபம் செய்வார்கள். சென்டர் அணியைக் கர்னல்கள் என்பார்கள். பத்திரிகைகள் இரண்டையும் சேர்த்து ‘ஜெபிக்கும் கர்னல்கள்’ ஆக்கின. நாட்டின் தலைசிறந்த பதினொருவரை வருடந்தோறும் பட்டியல் போட்டவர் வால்ட்டர் கேம்ப். அந்த வருடப் பட்டியலில் மெக்மில்லின், வீவர் இருவர் பெயரும் இடம்பெற்றன. 300 பேர் இல்லாத கல்லூரியில் இருந்து இரண்டு பேர்.

ஹார்வர்டு அழைப்பு அனுப்பியது.

1920 அக்டோபரில் சென்டர் அணி ரயிலேறிப் பாஸ்டன் போனது. இடைவேளையில் 14-14. அரங்கமே அசந்துபோனது. ஆனால் இரண்டாம் பாதியில் ஹார்வர்டின் ஆள்பலம் வேலை செய்தது. ஒருவர் களைத்தால் இறக்க இன்னொருவர் தயார். சென்டரிடம் அது இல்லை. முடிவு 31-14.

ஆட்டம் முடிந்ததும் ஹார்வர்டு அணித்தலைவர் அர்னால்டு ஹார்வீன், மெக்மில்லினிடம் வந்து ஆட்டப் பந்தை நீட்டினார் என்று சொல்வார்கள். நன்றாக ஆடிய எதிரிக்கு மரியாதை. மெக்மில்லின் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் வருகிறோம், அப்போது ஜெயித்து எடுத்துக்கொள்கிறோம் என்றாராம். தோற்ற அன்றைக்கு நீட்டிய பரிசை மரியாதையோடு மறுத்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகள். அந்த ரயில் பயணம் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

1921

பருவம் அக்டோபரில் தொடங்கியது. நார்ரிஸ் ஆர்ம்ஸ்ட்ராங் அணித்தலைவர். கிளெம்சனை 14-0, வர்ஜீனியா பாலிடெக்னிக்கை 14-0, செயின்ட் சேவியரை 28-6, டிரான்சில்வேனியாவை 98-0. நான்கு ஆட்டம், நான்கு வெற்றி. விட்டுக்கொடுத்தது 6 புள்ளிகள்தான். இந்த 6 என்ற எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரே ஹார்வர்டு. 1919இல் தொடங்கி 25 ஆட்டங்களாகத் தோற்காத அணி. 1920 புத்தாண்டு அன்று கலிபோர்னியா போய் ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஆரிகனை வென்று வந்த அணி. ஆனால் ஒரு விரிசல் தெரிந்தது: சென்டரைச் சந்திப்பதற்கு முந்தைய வாரம் பென் ஸ்டேட்டுடன் 21-21 என்று சமனில் முடித்திருந்தார்கள்.

அக்டோபர் 29, சனிக்கிழமை. குதிரை லாடம் போல வளைந்த கான்கிரீட் அரங்கத்தில் 40,000க்கும் மேற்பட்ட கூட்டம். டான்வில் ஊர் முழுவதையும் உட்கார வைத்தாலும் அந்த அரங்கத்தின் ஒரு மூலை நிறையாது. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த எம்.ஐ.டி. மாணவர்கள் வந்து சென்டருக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். பக்கத்து வீட்டுப் பெரிய அண்ணன் ஒருமுறையாவது தோற்க வேண்டும் என்ற ஆசை எந்த நாட்டுப் பிள்ளைக்கும் உண்டு.

முதல் பாதி 0-0. போன வருடம் போலவே இடைவேளையில் சமன். போன வருடம் இதற்குப் பிறகுதான் எல்லாம் கையை விட்டுப் போனது.

மூன்றாம் கால்பகுதி தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஹார்வர்டின் கோட்டில் இருந்து 32 கஜ தூரத்தில் பந்து சென்டர் கையில். மெக்மில்லின் பந்தை வாங்கி முதலில் மைதானத்தின் ஓரத்தைப் பார்த்து ஓடினார். ஹார்வர்டு தடுப்பாளர்கள் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள். சட்டென்று காலை ஊன்றி உட்பக்கம் திரும்பினார். சாய்ந்தவர்கள் நிமிர்வதற்குள் அவர்களின் முதுகுப் பக்கம் மைதானம் திறந்துகிடந்தது. பிடிக்க வந்தவர்களை ஒவ்வொருவராக ஏய்த்துக் கோட்டைத் தாண்டினார். கூடுதல் புள்ளி கிடைக்கவில்லை. 6-0.

அந்த ஓட்டம் சில விநாடிகள்தான். அதன் பிறகு ஏறக்குறைய அரைமணி நேர ஆட்டம் மிச்சம் இருந்தது. ஹார்வர்டுக்கு ஒரு டச்டவுனும் ஓர் உதையும் போதும், 7-6. 25 ஆட்டமாகத் தோல்வி அறியாதவர்கள் திரும்பத் திரும்ப மோதினார்கள். தாக்கிக் களைத்த அதே உடம்போடு சென்டர் வீரர்கள் தடுப்பில் நின்றார்கள். போன வருடம் இந்த நேரத்தில்தான் சென்டரின் கால்கள் துவண்டன. இந்த வருடம் துவளவில்லை. ஆட்டம் முடிந்ததும் எம்.ஐ.டி. மாணவர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து கோல் கம்பங்களைப் பிடுங்கினார்கள்.

டான்வில்லில் பெயின்ட் டப்பாக்கள் வெளியே வந்தன. கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் சி6 ஹெச்0. நூறு வருடம் கழித்து நான் பார்த்தது அந்த நாளின் மிச்சம். கென்டக்கி ஆளுநர் எட்வின் மாரோ, இந்த நிமிடம் ஆளுநராக இருப்பதைவிட போ மெக்மில்லினாக இருப்பதையே விரும்புவேன் என்று சொன்னதாக ஊரில் இன்றும் பேச்சு. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியைத் திரும்பிப் பார்த்து 1950இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தேர்ந்தெடுத்தபோது, யாரும் எதிர்பாராத மிகப்பெரிய வெற்றி என்று இதையே சொன்னார்கள்.

ஒரு கல்யாணம், ஒரு தோல்வி

பருவம் அதோடு முடிந்துவிடவில்லை. கென்டக்கியை 55-0, ஆபர்னை 21-0, வாஷிங்டன் அண்டு லீயை 25-0, டூலேனை 21-0. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் அரிசோனாவை 38-0. பத்து ஆட்டம், பத்து வெற்றி. அக்டோபரில் செயின்ட் சேவியருக்குக் கொடுத்த 6 புள்ளியைத் தவிர, எதிரிகள் யாரும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

கடைசி ஆட்டம் 1922 ஜனவரி 2 அன்று டெக்சஸின் டாலஸ் நகரில். எதிரணி டெக்சஸ் ஏ அண்டு எம். மோரன் முன்பு பயிற்சி கொடுத்த அதே கல்லூரி. பக்கத்து நகரம் ஃபோர்ட் வொர்த், மெக்மில்லினின் ஊர். அன்று காலையில் அங்கே அவருக்குக் கல்யாணம். தாலி கட்டிய கையோடு களத்துக்கு வந்த மாப்பிள்ளை என்று நம் ஊரில் சொல்லியிருப்போம்.

எதிரணியில் அடுத்தடுத்து ஆட்கள் அடிபட்டார்கள். பத்திரிகையாளர் மாடத்தில் இருந்து ஆட்டக்காரர்களை அடையாளம் காட்டிக்கொண்டிருந்த கிங் கில் என்ற மாணவரைப் பயிற்சியாளர் டேனா பைபிள் கீழே கூப்பிட்டார். அடிபட்ட ஒருவரின் உடுப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை ஓரத்தில் தயாராக நின்றார் கில். களத்துக்குள் போகும் தேவை வரவில்லை. ஏ அண்டு எம் 22-14 என்று வென்றது. அந்தக் கல்லூரி மாணவர்கள் இன்றும் ஆட்டம் முழுக்க உட்காராமல் நின்றுதான் பார்க்கிறார்கள். பன்னிரண்டாவது ஆளாக நாங்களும் தயார் என்று காட்டும் வழக்கம் அது.

ஒரே பருவத்தில் சென்டர் இரண்டு கதைகளுக்குக் காரணமாக இருந்திருக்கிறது. ஒன்றில் அது வென்ற சின்னவன். மற்றதில் அது தோற்ற பெரியவன். பத்து வெற்றியைப் போலவே அந்த ஒரு தோல்வியையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். அடுத்த 1922 அக்டோபரில் ஹார்வர்டும் 24-10 என்று திருப்பிக் கொடுத்தது.

அந்தப் பதினொருவரில் இல்லாதவர்கள்

இன்னொன்றையும் என் வகுப்பில் மறைக்கவில்லை. சின்னக் கல்லூரி பெரியதை வென்ற கதையைக் கேட்டுப் பூரிக்கும்போது, அந்தச் சின்னக் கல்லூரியின் வாசல் யாருக்குச் சாத்தியிருந்தது என்றும் பார்க்க வேண்டும். கறுப்பின மாணவரும் வெள்ளையின மாணவரும் ஒரே கல்வி நிலையத்தில் படிக்கக்கூடாது என்று கென்டக்கி 1904இல் சட்டம் போட்டது. அதுவரை இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் படிப்பித்த பெரியா கல்லூரியைக் குறிவைத்த சட்டம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1908இல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. அதற்கு மாறுபட்டுத் தீர்ப்பு எழுதியவர் ஜான் மார்ஷல் ஹார்லன். அவர் படித்தது இதே சென்டர் கல்லூரியில்.

ஆகவே 1921இல் டான்வில் தெருவில் ஒரு கறுப்பினப் பையன் எவ்வளவு வேகமாக ஓடினாலும், அந்தப் பதினொருவரில் ஒருவனாக ஆகியிருக்க முடியாது. அந்த ஊரில் நடக்க முடியாததாக வைத்திருந்த வாய்பாடு அதுவும்தான். அதை மாற்ற ஒரு பருவம் போதவில்லை, பல பத்தாண்டுகள் ஆயின.

பூஜ்யத்தின் பாடு

மெக்மில்லின் பிறகு பயிற்சியாளரானார். 1945இல் இந்தியானாப் பல்கலைக்கழகத்துக்கு பிக் டென் பட்டம் வாங்கிக் கொடுத்தார். மோரன் 1939 வரை பேஸ்பால் நடுவராக இருந்தார். சென்டர் கல்லூரி இன்றும் சின்னதுதான். ஆட்டத் திறமைக்காக உதவித்தொகை கொடுக்காத மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. ஹார்வர்டோடு மோதும் காலம் போய்விட்டது. சுவரில் எழுத்து இருக்கிறது.

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. கோலிப் பையனை எழுப்பினேன்.

“ஆறு புள்ளி எடுக்க அவங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ஒரே ஓட்டம் டீச்சர். பத்து செகண்டு இருக்கும்.”

“பூஜ்யம் எடுக்க?”

யோசித்தான். “அறுபது நிமிஷமும்.”

அதுதான் பதில். ஆறு ஒருவர் ஓடிய ஓட்டம். அதில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது, அவருக்குச் சேரவேண்டிய புகழ்தான் அது. பூஜ்யம் பதினொரு பேரும் சேர்ந்து, களைத்த உடம்போடு, கடைசி நிமிடம் வரை காத்தது. அதற்கு யார் பெயரும் இல்லை. தன் நாற்காலியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்ற மையர்ஸின் பெயரும் அந்தச் சுவரில் இல்லை. ஆறை மட்டும் எழுதியிருந்தால் அது ஒரு நல்ல ஓட்டத்தின் கணக்காக நின்றிருக்கும். பக்கத்தில் பூஜ்யம் இருப்பதால்தான் அது வெற்றி.

பையன் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தான். பிறகு சொன்னான்:

“அப்போ அந்த சைபரு எங்க நம்பரு, டீச்சர்.”